ஹோட்டன் சமவெளி: அருவியும் அதற்குச் செல்லும் வழியும்

இலங்கையின் அருவிகளை உயரத்தின் வரிசையில் வைத்து எண்ணுவோர்க்குப் பேக்கர் அருவி நெடுநேரம் சென்றபின்னரே எதிர்ப்படும். பம்பரகந்தையும் தியலுமையும் இருநூறு மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து வீழ்வன. பேக்கர் அருவியின் உயரமோ ஏறத்தாழ 20 மீற்றர். தலவாக்கலைப் பகுதியிலுள்ள டெவன், சென்கிளயர் அருவிகளைப் போல வீதியோரத்தில் நின்று கண்டு செல்லக்கூடிய இடத்திலும் அஃது அமைந்ததன்று. அதனைக் காண விழைவோர் கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றர் உயரத்திலே, குளிரிலும் காற்றிலும் கால்நடையாகவே செல்லல் வேண்டும். அங்ஙனமிருந்தும் ஆண்டுதோறும் பெருந்தொகையினர் அதனை நாடிச் செல்கின்றனர். உலக முடிவு என வழங்கும் பாறைவிளிம்பும் அதே நடைவழியில் இருப்பதே அதற்குக் காரணம் என்று கூறிவிடலாம். அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அவ்வழிக்கு வேறொரு தனிச்சிறப்பும் உண்டு. பிற அருவிகள் பலவற்றில் நீர் வீழ்வதை மட்டுமே காணலாம். அந்நீர் எங்கே ஊறியது, எவ்வாறு சேர்ந்தது என்பது மலைக்கு அப்பால் மறைந்து நிற்கும். பேக்கர் அருவிக்குச் செல்பவரோ அதன் நீரை உண்டாக்கும் நிலத்தின்மீதே நடந்து செல்கின்றார். அவர் மிதிக்கும் புல்லும் கருமண்ணும் அவ்வருவியின் மேற்பகுதியே எனலாம். ஆகவே அவ்வழியின் நன்மை தீமைகளும் அருவியின் நன்மை தீமைகளும் வேறல்ல. அது எவ்வாறு என்பதே ஈண்டு விளக்கப்படும்.

மத்திய மலைநாட்டின் தென்விளிம்பில், 3,160 ஹெக்டேயர் பரப்பில் அமைந்திருப்பது ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்கா. மேற்கே நிற்கும் கிரிகல்பொத்தை 2,388 மீற்றர் உயரமுடையது. பீதுருதாலகாலைக்கு அடுத்ததாக இலங்கையில் உயர்ந்த மலை அதுவே. வடபால் நிற்கும் தொட்டுப்பொலைக் கந்தை 2,357 மீற்றர் உயரமானது. தொட்டுப்பொலை என்னும் சிங்களச் சொல் துறை எனப் பொருள்படும். இராவணனுடைய விமானம் வந்திறங்கிய துறை அதுவென்று மலைநாட்டார் கூறுவர். கப்பல் செல்லாத மலையுச்சிக்குத் துறையென்னும் பெயர் வந்த விந்தைக்கு அக்கதை நன்கு பொருந்துகின்றது. இவ்விரு மலைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தைச் சமவெளி என்பது ஒருவாறு முகமனே. தட்டையான வயற்பரப்பை எண்ணிச் செல்வோர் அங்கே அலையலையாக எழுந்து தாழும் மேடுகளையும் அவற்றிடையே ஈரங்கசியும் பள்ளங்களையுமே காண்பர். தெற்கே சென்றதும் நிலம் திடீரென முடிந்துவிடுகின்றது. பழமையான உருமாறிய பாறைகளால் ஆகிய அவ்விளிம்பு, எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்துக்குக் குத்தாகச் சரிகின்றது.

இந்நாட்டின் தரையமைப்பை ஆராய்ந்த அடம்ஸ் என்பார் 1929-இல், இலங்கை ஒன்றன்மேலொன்றாக மூன்று படிகளாக அமைந்ததெனக் கூறினார். பின்னர் வாடியா அப்படிகளுக்கு நிலத்தொகுதிகள் மேலுயர்த்தப்பட்டமையே காரணமென விளக்கினார். பிற்காலத்தார் இம்மூன்று படிக் கொள்கையையே ஐயுற்றுள்ளனர். எவர் கூற்று வெல்லினும், உயர்ந்த மேட்டில் மெல்லென ஓடும் நீர் விளிம்பை அடைந்ததும் வீழ்ந்தே ஆகவேண்டும் என்பது மாறாது. மலைநாட்டில் அருவிகள் மலிந்ததற்கு இப்படியமைப்பே காரணம்.

பெயர் வரலாற்றையும் சிறிது நோக்குதல் தகும். சிங்கள மக்கள் இவ்விடத்தை மஹ எலிய என வழங்கினர். பெருவெளி என்பது அதன் பொருள். 1834-இல் ஆங்கிலப் படையினர் இருவர் இங்கு வந்து சேர்ந்தபோது, 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை இதற்கு இட்டனர். அவர்களே இதனைக் கண்டுபிடித்தனர் என்று நூல்கள் கூறுவதுண்டு. பலாங்கொடைப் பண்பாட்டைச் சேர்ந்த கற்கருவிகள் இங்கே கிடைத்திருக்கின்றன; தாழ்நாட்டு மக்கள் மணிக்கற்களையும் இரும்புத் தாதையும் தேடி இம்மலைக்கு ஏறி வந்திருக்கின்றனர். ஆதலின் கண்டுபிடித்தல் என்னும் சொல்லை இவ்விடத்தில் அளந்தே வழங்கல் வேண்டும். அருவிக்குப் பெயர் கொடுத்த சேர் சாமுவேல் பேக்கர் 1848-இல் நுவரெலியாவிற் குடியேறிக் கமம் நடத்தியவர். 1864-இல் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டு புகழ் பெற்றவர். இலங்கையில் அவர் கழித்த காலத்தின் பெரும்பகுதி வேட்டையிற் சென்றது. நாய்களை ஏவி மரைகளைத் துரத்துவதில் அவருக்கிருந்த பெருவிருப்பத்தை அவருடைய நூல்களே காட்டும். அவர் வேட்டையாடிய மரையினம் இன்று அவர் பெயர்கொண்ட அருவியின் அயலில் அச்சமின்றி மேய்கின்றது.

சமவெளியின் நிலத்தோற்றத்தில் இரண்டே கூறுகள் உள்ளன. ஒன்று புல்வெளி, மற்றொன்று காடு. புல்வெளியைச் சிங்களத்திற் பத்தன என்பர். மலைநாட்டுத் தமிழர் அதனைப் பத்தனை எனத் தம் மொழிக்கு உரித்தாக்கிக்கொண்டனர். அக்கரப்பத்தனை முதலிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் நிலைத்துவிட்டது. காடு குட்டையானது, மரங்கள் இருபது மீற்றர் அளவில் நின்றுவிடும். இடையறாத காற்றினாலே கிளைகள் முறுகி, முடிகள் குடைபோலத் தட்டையாகி, கிளைதோறும் பாசியும் பன்னமும் மரத்தாடியும் தொங்க நிற்கும். கீன என்னும் மரமே அவற்றுள் மிக்கது. இடையிடையே மஹ ரத்மல் எனப்படும் செம்பூ மரம் மலர்ந்து நிற்கும். மரங்களின் கீழே நெலு என்னும் செடி அடர்ந்து வளரும். அதன் இனங்களுட் சில பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே, ஏறக்குறையப் பன்னிரண்டாண்டுக்கு ஒரு தடவை, காடு முழுவதும் ஒருங்கே மலர்ந்து பின் பட்டுவிடும். நீலகிரியிற் பூக்கும் குறிஞ்சியும் இந்நெலுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மலைநிலத்துக்கு ஒரு பூவின் பெயரை இட்டு வழங்கிய தமிழர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

இப்புல்வெளி இயற்கையில் தோன்றியதோ, காட்டை மனிதர் எரித்தமையால் உண்டானதோ என்பது நெடுநாள் வினா. சமவெளியின் சதுப்புக்களிலே அடுக்கடுக்காகப் படிந்துள்ள மகரந்தத்தை ஆராய்ந்தோர், இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலநிலை வரலாற்றை அதிலிருந்து வாசித்துள்ளனர். மிகப் பழைய காலத்திலேயே இங்கு மேய்ச்சலும் தீயிடுதலும் நிகழ்ந்தன என்பதும் அவர் முடிபு; இது விவாதத்துக்குரியது. எவ்வாறாயினும், அச்சதுப்பு இத்துணைக் காலம் வற்றாது ஈரமாகவே இருந்துவந்தது என்பதை அம்மகரந்தம் ஐயமற நாட்டுகின்றது. மகரந்தம் ஈரத்தில் மூடப்பட்டாலன்றி அழியாது தங்காது.

இனி நீரின் செய்தி. இங்கு ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் ஆகிய இரண்டும் இம்மேட்டுக்கு மழை தருவதனால், முற்றும் உலர்ந்த காலம் என ஒன்றைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. தை முதற் பங்குனி வரையுள்ள காலமே மழை குறைந்தது. ஆனால் மழைமானியில் அளக்கப்படும் நீர் மட்டுமே இங்குச் சேரும் நீரன்று. ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகை செல்சியசு. மார்கழி முதல் மாசி வரையுள்ள சில இரவுகளிலே புல்லின்மேல் உறைபனி வெள்ளைத் துகிலாகப் படிந்திருக்கும். பகலிலோ தாழ்நாட்டின் வெப்பக்காற்று மலைச்சரிவின் வழியே மேலேறிக் குளிர்ந்து முகிலாகி விளிம்பைத் தாண்டி உட்புகும். இம்முகில் மழையாகப் பெய்வதில்லை; காட்டினூடே தவழ்ந்து செல்லும். செல்லும்போது அதன் நுண்துளிகள் இலைமீதும் கிளைமீதும் பாசிமீதும் படிந்து, ஒன்றோடொன்று கூடிப் பெருந்துளியாகி நிலத்தில் சொட்டும். வானத்தில் மழை இல்லாத வேளையிலும் மரத்தின் கீழ் மழை பெய்யும் புதுமை இதனாலேயே நிகழ்கின்றது. மரத்தின் கீழே நிற்பவர் நனைவார். பத்து அடி அப்பால் வெளியில் நிற்பவர் உலர்ந்தே நிற்பார்.

இவ்வாறு நீரைச் சீத்தெடுக்கும் காடு முகிற்காடு எனப்படும். மரம் குட்டையாயிருப்பதும், கிளைகள் நெருங்கியிருப்பதும், பாசி தொங்குவதும் வறுமையின் அடையாளங்கள் போலத் தோன்றினும், நீரைப் பிடிக்கும் தொழிலுக்கு அவையே கருவிகள். வழவழப்பான பெரிய இலையைவிட, ஆயிரம் நுண்ணிழைகளையுடைய பாசித்தாடி காற்றிலுள்ள துளியை எளிதாகப் பற்றுகின்றது. மரம் ஒன்று வெட்டப்படின் அது நின்ற இடத்தில் முகில் தடையின்றிக் கடந்து சென்றுவிடும். மழை குறையாது, மழையின்மேல் மிகையாகக் கிடைத்த நீர் மட்டுமே குறையும். அதனாலேயே அந்த இழப்பு மழைக் கணக்கைப் பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

சொட்டிய நீர் அடுத்துச் சேர்வது மண்ணில். செம்மஞ்சள் நிற மண்ணின்மேல், குளிரினால் விரைந்து மட்காத இலையும் புல்லும் வேரும் திரண்டு கருமையான தடித்த படையாக மூடிக் கிடக்கின்றன. கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் வடியும் அளவுக்கு அப்படை நுண்துளைகள் நிறைந்தது. பத்தனையின் பள்ளங்களிலே இது சதுப்பாகி, குள்ள மூங்கில் வளரும் ஈரநிலமாகின்றது. பெருமழை பெய்யும் நாளில் இக்கருமண் நீரை விழுங்கிக்கொள்ளும். மழை ஓய்ந்தபின் துளித்துளியாக ஓடைக்கு விட்டுக்கொடுக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலம் மாரி நீரைத் தன்னுள் ஏற்றுக் கோடையிற் கிணற்றுக்கு வழங்குவதை அறிந்தோர்க்கு இத்தொழில் புதியதன்று. அங்கே கல் செய்யும் வேலையை இங்கே மட்கிய புல் செய்கின்றது. ஆனால் கல்லுக்கு உள்ள உறுதி புல்லுக்கு இல்லை.

இங்ஙனம் சேர்ந்த நீர் மூன்று பேராறுகளுக்குப் பங்காகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்றினதும் தலையோடைகள் இம்மேட்டுநிலத்தைச் சார்ந்து பிறப்பன. அக்கர ஓயா வடக்கு நோக்கிச் சென்று மகாவலியின் நீராகின்றது. பெலிகுல் ஓயா தெற்கு நோக்கிச் சென்று வளவையை அடைகின்றது. ஒரே முகிலிலிருந்து சொட்டிய இரு துளிகளுள் ஒன்று திருகோணமலைக்கருகிலும் மற்றொன்று அம்பலாந்தோட்டையிலும் கடலைச் சேர்தல் கூடும். பேக்கர் அருவி பெலிகுல் ஓயாவின் நீர்.

சமவெளிக்குச் செல்வோர் பட்டிப்பொலை வழியாகவோ ஒகியா வழியாகவோ ஏறி, ஃபார் விடுதி என்னும் இடத்தை அடைவர். பண்டு வேட்டையாடுவோர் தங்கிய அவ்விடுதி இன்று பார்வையாளர் நிலையமாக இருக்கின்றது. வட்டமான நடைவழி அங்கிருந்தே தொடங்கும். அதன் சுற்றளவு ஏறத்தாழ 9 கிலோமீற்றர். புறப்படுமுன் பைகள் சோதிக்கப்பட்டுப் பொலித்தீன் உறைகள் அகற்றப்படுகின்றன. உணவைக் கடதாசியிற் சுற்றிக் கொடுத்து அனுப்பும் இவ்வழக்கத்தைச் சிலர் தொல்லையாகக் கருதுவர். உப்புச் சுவை ஒட்டிய பொலித்தீனை மரை புல்லோடு சேர்த்து விழுங்கிவிடும் என்பதையும், அதன் வயிற்றில் அது செரியாது என்பதையும் எண்ணுவோர் அவ்வாறு கருதார்.

முதலில் வழி பத்தனையினூடே ஓர் ஓடையைத் தாண்டிச் செல்லும். சிறிது தூரத்தில் இரண்டாகப் பிரியும். இடப்புறம் செல்வோர் சிறிய உலக முடிவையும், பின்னர்ப் பெரிய உலக முடிவையும் கண்டு, திரும்பும்போது அருவியை அடைவர். வலப்புறம் செல்வோர்க்கு அருவி முன்னதாகும். முகில் பெரும்பாலும் முற்பகல் பத்து மணியளவில் மேலேறி விளிம்பை மறைத்துவிடுவதால், விடியலிற் புறப்பட்டு இடப்புறமாகச் செல்வதே வழக்கம். சிறிய உலக முடிவில் ஏறத்தாழ 300 மீற்றர் ஆழமும், பெரியதில் அதனினும் மிக்க ஆழமும் கீழே தெரியும். தேயிலைத் தோட்டங்களும் லயன் வீடுகளும் அவற்றுக்கப்பால் நீர்த்தேக்கங்களும் துலக்கமாகத் தோன்றும். வானம் மிகத் தெளிந்த நாளில் தென்கடலும் தெரியும் என்பர். முகில் மூடிய பின் வந்தோர் வெண்மையான ஒரு சுவரைக் கண்டு ஏமாற்றத்துடன் திரும்புவர். அவர்தம் ஏமாற்றத்துக்குக் காரணமான அம்முகிலே சிறிது நேரத்தில் அவர் காணப்போகும் அருவிக்கு நீரூட்டுவது.

பெரிய உலக முடிவிலிருந்து திரும்பும் வழி காட்டினுள்ளும் பத்தனையிலும் மாறிமாறிச் சென்று, அருவியை அணுகும்போது செங்குத்தான இறக்கமாகின்றது. வேர்களையும் கற்களையும் படியாகக் கொண்டு இறங்க, நீரின் ஓசை முதலிலும் அதன் தூவானம் பின்னரும் வந்து சேரும். கரும்பாறையின்மேல் நீர் பல புரியாகப் பிரிந்து விசிறிபோல விரிந்து வீழ்கின்றது. சுற்றிலும் பன்னமும் செம்பூ மரமும் நெருங்கி நிற்கின்றன. நீர் கருந்தேநீரின் நிறமுடையதாகத் தோன்றும். இது அழுக்கன்று, மட்கிய புல்லின் சாறு. அருவி தான் பிறந்த மண்ணின் சாயலைத் தன் நீரிலேயே ஏந்தி வருகின்றது. குளிர்ந்த நீரும் வழுக்கும் பாறையும் உயிருக்கு இடர் விளைப்பவையாதலின் இறங்கிக் குளித்தல் தகாது.

இவ்வோடைகளிலே வாழும் சிறிய நன்னீர் இறால் ஒன்று இலங்கைக்கே உரியது. 15 பாகைக்குக் குறைந்த குளிர்நீரிலே இச்சமவெளியின் ஓடையொன்றிலன்றி அது பிறிதோரிடத்தும் அறியப்படவில்லை. ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே மலையோடைகளில் விட்ட திரவுத்து மீனும் அதே நீரில் வாழ்கின்றது. வந்தேறிய மீனுக்குப் புகழ் மிகுதி. உள்ளூர் இறாலைக் கேட்பாரில்லை.

வழியின் கேடு யாது என்பதை இனிக் கூறலாம். பஞ்சுபோன்ற கருமண்ணை ஒருவர் மிதித்தால் அது சிறிதே அமுங்கிப் பின் எழும். ஆயிரவர் மிதித்தால் எழுவதில்லை. நுண்துளைகள் மூடிக்கொள்ள, நீர் உட்புகமாட்டாது மேலே தேங்கும். சரிவுள்ள இடத்தில் வழியின் நீளத்துக்கு ஓடும். ஓடும் நீர் மண்ணை அரித்து வழியைத் தாழ்த்தும். தாழ்ந்த வழி இருபக்கத்து நீரையும் தன்பால் இழுக்கும். சில ஆண்டுகளில் நடைவழி ஓர் ஓடையாகிவிடும். சேறு மிகுந்த அவ்வழியை வெறுத்து நடப்போர் ஓரத்துப் புல்லிற் கால்வைப்பர், அங்கும் புல் அழிந்து இரண்டாவது வழி உண்டாகும், பின்னர் மூன்றாவது. பத்தனையிலே ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் தடங்களைக் காண்போர் அவற்றைப் பல காலத்து வழிகள் என எண்ணுதல் கூடாது. அவை சப்பாத்தை நனைக்க விரும்பாதவர்களின் தடங்கள். காட்டினுள் வேறுவகைக் கேடு நிகழும். மேல்மண் போனதும் வேர்கள் வெளிப்படும். வெளிப்பட்ட வேரின் பட்டை காலணியால் உரிந்து, மரம் நோயுறும்.

மண்ணிற் சுவறி மெல்லென வரவேண்டிய நீர் வழியின்மீது விரைந்து ஓடிவிடுமாயின், மழைநாளில் அருவி சற்றே மிகுந்து சேற்று நிறம் பெறும். மழையற்ற நாளில் அந்த அளவுக்கு மெலியும். ஒரு நடைவழியின் பரப்பு சமவெளியின் பரப்பிலே மிகச் சிறிய பங்குதானே எனின், உண்மைதான். ஆயினும் வழி செல்லும் இடம் எத்தகையது என்பதையும் நோக்கல் வேண்டும். மக்கள் விரும்பிச் செல்வது ஓடைக்கரைக்கும் அருவித்தலைக்கும் மலைவிளிம்புக்குமே. நீர் மிக நெருங்கிச் சேரும் இடங்களும் முகில் முதலில் வந்து மோதும் இடங்களும் அவையே.

இதற்கு மாற்று உண்டு, அது புதியதுமன்று. மலைவழி அமைப்போர் சரிவுக்கு நேராக வழியை வெட்டாது சாய்வாக வளைத்துக் கொண்டு செல்வர். இடையிடையே கல்லையோ மரத்தையோ குறுக்காகப் பதித்து, வழியில் இறங்கும் நீரைப் பக்கத்துப் புல்லுக்குத் திருப்பிவிடுவர். சதுப்பிலே மண்ணை மிதிக்காவண்ணம் பலகைப் பாலம் இடுவர். மலைநாட்டுத் தோட்டங்களிலே தேயிலை வரிசைகளுக்கிடையில் கான் வெட்டி மண்ணைக் காத்த தொழிலாளர் இவ்வித்தையைத் தலைமுறை தலைமுறையாக அறிவர். ஆனால் இவையெல்லாம் நடப்பவர் அமைத்த வழியை விட்டு விலகாதவரையிலேயே பயன்படும். கல் பதித்த வழி காலுக்கு வலிக்கின்றதென்று பக்கத்துப் புல்லில் நடப்பவர் முன்னே எந்தக் கட்டுமானமும் தோற்றுப்போகும்.

இந்நிலத்துக்குக் காவல் வந்த வரலாறும் நீரோடு தொடர்புடையது. கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் அழிக்கப்பட்ட காலத்தில், கியூத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஹூக்கர் 1873-இல், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு அரசினர்க்கு அறிவுரை கூறினார். சமவெளியின் காடு கோடரிக்குத் தப்பியதற்கு அவ்வறிவுரை பெருந்துணையாயிற்று. யானைகள் தப்பவில்லை; இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அவை இம்மேட்டிலிருந்து மறைந்துபோயின. 1960-களிலே பத்தனையின் ஒரு பகுதி உழப்பட்டு உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளாகத் திரண்ட கருமண்ணைக் கிழங்குக்காகப் புரட்டியது நல்ல வாணிபமன்று என்றே சொல்லவேண்டும். அச்செய்கை கைவிடப்பட்டபின், உழப்பட்ட இடங்களிலே பழைய புல் எளிதில் மீளவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்சு என்னும் மஞ்சட்பூ முட்செடியும் பத்தனையிற் பரவியுள்ளது. 1969-இல் சமவெளி இயற்கை ஒதுக்ககமாகவும், 1988-இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010-இல் சிவனொளிபாத மலைக் காடுகளோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

சட்டத்தால் தடுக்கமுடியாத கேடொன்றும் உண்டு. 1970-களின் பிற்பகுதியிலிருந்து, காட்டின் சில பகுதிகளிலே மரங்கள் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டுவருவது அவதானிக்கப்பட்டது. குறிப்பாகக் கீன மரம் இதற்கு மிகுதியாக ஆட்பட்டது. வெண்மையான வெறுங்கிளைகள் நிற்கும் அக்காட்சியைத் தொட்டுப்பொலைச் சரிவிற் காணலாம். வறட்சியே காரணமென்பர் சிலர். மண்ணின் ஊட்டக் குறைவென்பர் சிலர். தாழ்நாட்டு வாகனப் புகையும் ஆலைப் புகையும் முகிலோடு கலந்து இலைமேற் படிகின்றன என்பர் வேறுசிலர். இம்மூன்றாவது கருத்து உண்மையாயின் அதனுள் ஒரு கொடுமை உண்டு. நீரைப் பிடிப்பதற்காகவே அமைந்த பாசியும் இலையும் அதே திறமையால் நஞ்சையும் பிடித்துக்கொள்ளும். ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை. பட்ட மரத்தின் இடத்திலே நெலுவும் மூங்கிலும் அடர்ந்து, இளமரம் எழ இடங்கொடாதிருப்பதும் உண்டு.

பெலிகுல் ஓயா அருவியைக் கடந்ததும் மலைவிளிம்பில் இறங்கித் தாழ்நாட்டை நோக்கி விரைகின்றது. வளவையோடு அது கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே 1992 முதல் சமனலவெவ அணை நின்று, அந்நீரால் மின்சாரம் பிறப்பிக்கின்றது. அதற்கும் கீழே உடவளவைத் தேக்கம். அதன் கால்வாய்களில் நெல்லும் கரும்பும் வாழையும் தழைக்கும் வரண்ட நிலம். அங்குள்ள கமக்காரர் மாசி, பங்குனி மாதங்களிலே வாய்க்காலை எதிர்பார்த்து நிற்பர். சமவெளிக்கு நடப்போர் கூட்டம் மிகுவதும் வானம் தெளிந்த அம்மாதங்களிலேயே. அப்போது பேக்கர் அருவியில் வீழும் நீரிற் பெரும்பங்கு அன்றையது அன்று. ஐப்பசி, கார்த்திகையில் பெய்து, மட்கிய புல்லின் இடுக்குகளில் மூன்று நான்கு திங்கள் தங்கியிருந்து, வழியின் இருபுறத்துப் பள்ளங்களிலிருந்தும் கசிந்து வந்தது.